எள்ளுச்சோறும் ஷார்டொனேயும்

காலை எட்டு மணிக்குத் தேனியில் குச்சனூர் டவுன் பஸ் ஏறினேன். பெண்களுக்கு டிக்கெட் காசில்லை. சனிக்கிழமை என்பதால் உட்கார இடமும் இல்லை.

"கோயிலுக்காம்மா?" என்றார் கண்டக்டர்.

"இல்லண்ணே, ஒயின் குடிக்க."

எள்ளுப் பொட்டலத்தோடு பக்கத்தில் நின்றவர் சற்றுத் தள்ளிப் போனார். நல்லது, எனக்குக் காற்று வந்தது.

சுமார் இருபது கிலோமீட்டர். ஊருக்கு முன்பே இறங்கிச் செல்வராணியின் தோட்டத்துக்கு நடந்தேன். மதுரைக் கல்லூரி விடுதியில் எனக்கு இளையவள் அவள். பள்ளத்தாக்கே பன்னீர்த் திராட்சைப் பந்தல் போட்டிருக்க, இவள் ஒரு ஏக்கரில் ஷார்டொனே என்ற வெள்ளைத் திராட்சையை நட்டாள். கிறுக்கு என்றது ஊர். அந்தப் பழத்தை ஓர் ஒயின் ஆலை வாங்கி, ஓக் மரப் பீப்பாயில் ஊறவைத்திருந்தது. அதை இன்று கொச்சி ஓட்டல் ஒன்றின் கொள்முதல்காரர் ஜோஸ் ருசி பார்க்கிறார். துணைக்கு என்னைச் சென்னையிலிருந்து வரச் சொல்லியிருந்தாள். அவர் வேண்டாமென்றால் ஆலை இனிப் பழம் எடுக்காது. கொடியைப் பிடுங்கிவிடலாம் என்று கணவர் முருகேசன் ஏற்கெனவே சொல்லிவிட்டார்.

பதினொன்றரைக்கு ஜோஸ் வந்தார். கையில் சீஸ் டப்பா.

"சேச்சி, இதுக்கு சீஸ், இல்லாட்டி மீன். வேற ஒண்ணும் சேராது."

நாள் குறித்தபோது கிழமையை யாரும் பார்க்கவில்லை. சனிக்கிழமை அந்த வீட்டு அடுப்பில் மீன் ஏறாது. முருகேசன் பைக் சாவியை எடுத்தார். "சின்னமனூர்ல வறுத்த மீன் வாங்கியாரேன்."

"சனிக்கெழம இந்த வாசப்படிய மீன் தாண்டாது," என்றாள் செல்வராணி.

"ஒயின் மட்டும் தாண்டலாமாக்கும்?"

"அது நம்ம தோட்டத்துப் பழம்."

உள்ளே போனவள் எள்ளுச்சோறும் வாழைக்காய் வறுவலுமாக வந்தாள். "கோயில்ல படைச்சதில்ல, நம்ம திங்க வடிச்சது. மொளகா போட்டா ஒயின் எரியும்னு மொளகு போட்டிருக்கேன்."

ஆலை அனுப்பியிருந்த பாட்டிலை அவள் ஐஸில் அமுக்கி வைக்கவில்லை. ரொம்பக் குளிர்ந்தால் பீப்பாய் வாசம் அடங்கிவிடும். முதல் மிடறில் பழுத்த அன்னாசி, வெண்ணெய், கடைசியில் லேசாகக் கருகிய மரம். ஒரு வாய் சோற்றுக்குப் பிறகு மறுபடி குடித்தேன். வறுத்த எள்ளின் கசப்பு அந்த மர வாசத்தோடு ஒட்டிக்கொண்டது. நல்லெண்ணெயின் வழவழப்பை ஒயினின் புளிப்பு வழித்துக்கொண்டு போனது. சீஸும் பொருந்தத்தான் செய்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு நான் சீஸ் பக்கம் கை நீட்டவில்லை.

ஜோஸ் தட்டைக் காலி செய்தார். "கொள்ளாம், நல்லாருக்கு. எடுக்கலாம். ஆனா மெனுவில சீஸ்னுதான் போடும்."

"எள்ளுச்சோறுன்னு போடுங்க. இல்லன்னா ஆலைக்குப் பழம் கெடையாது."

முருகேசன் கண்ணை மூடிக்கொண்டார்.

"கெஸ்டெல்லாம் சிரிக்கும், சேச்சி."

"சிரிச்சிட்டுத் திங்கட்டும்."

ஜோஸ் காலித் தட்டைப் பார்த்தார். பிறகு மெதுவாக அதை அவள் பக்கம் நகர்த்தினார். "இன்னும் கொஞ்சம் போடுங்க. பேரை எப்படி எழுதணும்னும் சொல்லுங்க."

மூன்று மணி பஸ்ஸில் அதே கண்டக்டர். "குடிச்சாச்சாம்மா?"

"ஆச்சு. எள்ளுச்சோத்தோட."

"அப்பச் சரி," என்று விசில் ஊதினார்.

சென்னையில் என் வீட்டில் ஒயின் திறந்தால் வெளிநாட்டுச் சீஸ் இல்லாமல் யாரும் உட்கார மாட்டார்கள். அடுத்த சனிக்கிழமை நான் எள் வறுக்கப் போகிறேன். சீஸ் வேண்டுமென்பவர்கள் கையோடு கொண்டுவரட்டும்.