தாய் வீட்டுக் கல்தாயா

தங்கச்சி கைக்குழந்தையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வரவிருந்த நாளன்று பார்த்துத்தான் எங்கள் கல்தாயா வேலைநிறுத்தம் செய்தது. சமையலறைப் பல்கணிச் சுவரில் மாட்டியிருக்கும் அந்தப் பெட்டிதான் குழாய்க்குச் சுடுதண்ணீரும் அறைகளுக்குச் சூடும் தர வேண்டும். காலையில் குழாயைத் திறந்தால் கை விறைத்தது. பெட்டியில் ஒரு சிவப்பு விளக்கு மட்டும் சிமிட்டிக்கொண்டிருந்தது.

எங்களுக்கு முதல் பிள்ளைப்பேறு தாய் வீட்டில்தான். அம்மாவும் அப்பாவும் இலங்கையில், வன்னியில் இருக்கிறார்கள். ஆகவே இத்தாலியில், இந்தப் பலெர்மோவில் தங்கச்சிக்குத் தாய் வீடு என்றால் அது என் வீடு. அவளுடைய மாமியாருக்குக் கடற்கரைப் பக்கம், ஸ்ஃபெர்ராகவால்லோவில் புது வீடு. "இஞ்சை கொண்டு வந்தால் என்ன?" என்று அவர் முன்பே கேட்டிருந்தார். நல்ல மனுசிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. பழைய வீடுகள் பலவற்றில் சூடேற்றும் வசதியே இல்லாத ஊரில், அலைந்து திரிந்து ரேடியேட்டர் உள்ள வீடாகப் பிடித்தவள் நான்.

திருத்துகிறவரை அழைத்தேன். திங்கட்கிழமைக்கு முன் வர முடியாது என்றார். அன்று சனி. போனை வைத்த கையோடு தங்கச்சியின் கணவர் அழைத்தார்.

"அக்கா, மத்தியானம் துண்டு வெட்டி வீட்டை விடுவினம். வீடு குளிரெண்டால் சொல்லுங்கோ, நேரா அம்மா வீட்டை போறம்."

"குளிரோ? சீச்சீ, இஞ்சை வாங்கோ" என்றேன். அதைச் சொன்னபோது நான் இரண்டு சுவெற்றர் போட்டிருந்தேன்.

என் கணவர் பெட்டிக்கு முன்னால் நின்று தலையைச் சொறிந்தார். "உள்ளுக்கு இருக்கிற எலெக்ட்ரோனிக் கார்ட் எரிஞ்சு போட்டுது. புதுசுதான் வாங்கோணும்" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். பிள்ளையைக் குளிப்பாட்டுகிற தண்ணீரைப் பானையில் கொதிக்க வைக்கலாம். வீட்டைப் பானையில் கொதிக்க வைக்க முடியுமா? எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால்தான் எனக்கு மூளை வேலை செய்யும்.

அடுப்பைப் பற்றவைத்துப் பார்த்தேன், எரிந்தது. அப்படியென்றால் காஸ் வருகிறது. சிவப்பு விளக்கு எரிவதால் கரண்டும் இருக்கிறது. தண்ணீர் அழுத்தம் காட்டும் முள்ளும் இருக்க வேண்டிய இடத்திலேயே நின்றது. மீண்டும் தொடக்கும் பொத்தானை அழுத்திவிட்டுக் காதை வைத்துக் கேட்டேன். உள்ளே விசிறி சுற்றியது, சற்று நேரம் உறுமியது, நின்றுவிட்டது. பற்றவைக்கும் சத்தமே வரவில்லை. மூக்கடைத்த ஆள் மூச்சு இழுத்துப் பார்ப்பதுபோல் இருந்தது. பெட்டியிலிருந்து புகைக்குழாய் எங்கே போகிறது என்று பல்கணிக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்தேன்.

குழாயின் வாயில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு அப்பிக்கொண்டிருந்தது.

அது எங்கள் கறிவேப்பிலைக் கன்றின் போர்வை. போன குளிரில் அது இலையெல்லாம் கொட்டி மொட்டையாக நின்றதிலிருந்து என் கணவர் அதைத் தொட்டில் பிள்ளை மாதிரிப் பார்க்கிறார். முதல் நாள் மாலை வடக்குக் காற்று எழும்பியதும், குழாயிலிருந்து வரும் சூடு படட்டும் என்று கன்றுச் சாடியை அதன் அருகே கட்டி, பிளாஸ்டிக்கால் சுற்றிவிட்டிருந்தார். காற்று அதைக் கிளப்பிக் குழாயை மூடிவிட்டது.

"இஞ்சாருங்கோ, உங்கடை மகாராணியின்ரை சால்வை எங்கை கிடக்கெண்டு வந்து பாருங்கோ!"

வந்து பார்த்தார். "காத்து இப்பிடி அடிக்குமெண்டு ஆருக்குத் தெரியும்?" என்று முணுமுணுத்துவிட்டு, சாடியைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் போனார்.

வீடு கூட்டும் தும்புத்தடியால் விரிப்பை இழுத்து எடுத்தேன். குழாய் வாயைத் துடைத்துவிட்டுப் பொத்தானை அழுத்தினேன். விசிறி சுற்றியது. டக், டக், டக். பிறகு மெல்ல ஒரு உறுமலோடு நெருப்புப் பிடித்தது. பெருமையை மறைக்க நான் என்ன துறவியா? பல்கணியில் நின்றே கை தட்டினேன், எதிர்வீட்டு இத்தாலியக்காரச் சிஞ்ஞோரா எட்டிப் பார்த்தார்.

புகை போக வழி இல்லாவிட்டால் பெட்டி பற்ற மறுக்கும், அது அதன் பாதுகாப்பு என்று திங்கட்கிழமை வந்தவர் விளக்கினார். எல்லாவற்றையும் சோதித்துவிட்டு, "பிராவா, சிஞ்ஞோரா" என்றார். வீட்டில் எல்லோருக்கும் இத்தாலியன் தெரியும். இருந்தும் அதை "கெட்டிக்காரி, அம்மா" என்று ஆளாளுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன்.

ஆனால் எனக்கு உண்மையான பரிசு சனிக்கிழமை மத்தியானமே கிடைத்துவிட்டது. தங்கச்சியும் கணவரும் பிள்ளையைத் தூக்கிய மாமியாருமாக வந்தார்கள். மாமியார் உட்காரவில்லை. நேரே போய் ரேடியேட்டரில் கையை வைத்தார், சட்டென்று எடுத்தார். பிறகு பிள்ளையை என் கையில் தந்தார்.

"அக்கா, வேர்க்குது" என்றாள் தங்கச்சி, கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டபடி.

"வேர்க்கட்டும்" என்றேன். தாய் வீட்டுக்கல்லவா வந்திருக்கிறாள்.