கோர்ட் வாசலில் அப்பாவின் பெயர்

பேய், ஆவி என்று யாராவது பேச ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. நெய்வேலி சுரங்கத்தில் கான்ட்ராக்ட் கூலியாக மண் சுமந்து, இன்று எண்பது பேருக்கு வேலை கொடுக்கிறேன், பெரிய என்ஜினீயர்கூட என் எதிரில் உட்காரத் தயங்குவார். நம்பினால் நம்புங்கள், எனக்குத்தான் பட்டப்பகலில் இது நடந்தது.

பக்கத்து ஊரில் வெள்ளைக்காரன் காலத்துக் கோர்ட் பாழாய்க் கிடந்தது. இடிக்காமல் பழையபடியே புதுப்பிக்க அரசாங்கம் நிதி ஒதுக்கியது. ஒரு சட்டி சிமென்ட் சேர்க்கக் கூடாது, சுண்ணாம்பும் கடுக்காயும்தான் என்று கண்டிப்பு. டெண்டர் எனக்கு விழுந்தது. சுரங்கத்துக்குள் போன எங்கள் ஊரைத் திருப்பிக் கட்ட எந்த நிதியும் கிடையாது; அங்கே பறிபோன எங்கள் நிலத்துக்குக் கூடுதல் விலை கேட்டு அப்பா நடையாய் நடந்த இந்தக் கோர்ட்டுக்குக் கிடைத்தது.

அந்த வாசலில் டவாலி நின்று பெயரை மூன்று முறை கூப்பிடுவார். மூன்றாவதுக்கும் பதில் இல்லையென்றால் வழக்கு தள்ளுபடி. கடைசி வாய்தா அன்று அப்பா, கோயிலுக்குள் போகிற மாதிரி, கால் கழுவக் குழாயடிக்குப் போனார்.

“பேரு கூப்ட்டா சத்தம் குடுடா, தோ வந்துடறேன்” என்றார்.

அந்நேரம் பார்த்து ரோட்டில் சுரங்கத்துக்கு ஆள் எடுக்கிற லாரி வந்து நின்றது. ஏறிவிட்டேன். என் பிழைப்பே அந்த லாரியில்தான் தொடங்கியது. அப்பா வருவதற்குள் மூன்று முறையும் கூப்பிட்டு முடித்துவிட்டார்கள். சாகும்வரை அதைப் பற்றி அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வேலை முடிகிற வாரம், மத்தியானம். ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். நானும் பண்ருட்டிக் கொத்தனார் ஏழுமலையும் வாசலில் நின்று பூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பூட்டிய கதவுக்குள்ளிருந்து யாரோ அப்பாவின் பெயரை நீட்டி முழக்கிக் கூப்பிட்டார்கள், இன்று மேப்பிலேயே இல்லாத எங்கள் ஊர்ப் பெயரையும் சேர்த்து. இன்னொரு முறை கூப்பிட்டார்கள்.

“யாருங்க அது முத்துசாமி? நம்ம ஆளுங்கள்ல அப்டி யாரும் இல்லியே” என்றார் ஏழுமலை. என் அப்பா பெயர் அவருக்குத் தெரியாது. “இன்னா மொதலாளி, சம்மன் வந்தவராட்டம் வெளுத்துட்டீங்க?”

வாயெடுத்தேன், சத்தம் வரவில்லை. கதவைத் திறந்து பார்த்தோம். ஈரச் சுண்ணாம்பு வாசனையைத் தவிர உள்ளே ஒன்றுமில்லை.

இப்போது அங்கே மறுபடியும் கோர்ட் நடக்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் வாசலில் கொஞ்ச நேரம் நிற்கிறேன், பதில் சொல்லத் தயாராக. மூன்றாவது முறை இன்னும் கூப்பிடவில்லை.