செவலை காது கொடுத்த போன் கால்

கறந்த பாலின் இளஞ்சூட்டு வாசனை... அதோடு ஈர வைக்கோல் வாசனையும் கொஞ்சம். இன்றைக்கும் விடியற்காலையில் விழிப்பு வந்தால் முதலில் மூக்குக்கு வருவது அதுதான்.

புத்தூர் பக்கம் ஒரு சின்ன ஊரில் பால் சென்டர். அங்கே நான் டெஸ்டர், பாலின் கொழுப்பை, அதாவது ஃபேட்டை, அளந்து பார்ப்பவள். வேலையில் சேர்ந்து இருபது நாள்கூட ஆகவில்லை. தோரணை மட்டும் இருபது வருஷ சர்வீஸ்!

பனிக்காலம். மலை எந்தப் பக்கம் என்றே தெரியாது. பனிக்குள்ளிருந்து முதலில் சைக்கிள் மணி வரும், பிறகு கேன் சத்தம், கடைசியாகத்தான் ஆள் வருவார்...

முனிரத்தினம் அண்ணன் பாலில் ஃபேட் எப்போதும் நாலுக்கு மேல். அந்த வாரம் திடீரென்று மூன்று. மறுநாள் 2.8. மூன்று நாள் தொடர்ந்து குறைந்தால் பாலைத் திருப்பி அனுப்பிவிடுவோம். வரிசையில் எல்லோர் முன்னாலும் கேட்டேவிட்டேன்.

"இன்னாண்ணா, தண்ணி ஊத்திக்கினு வரீங்களா?"

வரிசையே அவரைத் திரும்பிப் பார்த்தது. அவர் முகம் சுண்டிப்போயிற்று.

"கற்பூரம் அடிச்சு சத்தியம் பண்றேம்மா. மாடு என்னாண்ட சொரப்பு உடமாட்டேங்குது. நாளைக்கு நீயே வந்து பாரு."

போனேன். கன்று செத்ததிலிருந்து அந்தச் செவலை மாடு அவர் மனைவி கன்னியம்மா அக்காவிடம் மட்டும்தான் பால் விடுமாம். அக்காவோ ஆபரேஷன் முடிந்து திருப்பதி ஆஸ்பத்திரியில் இருந்தார். அண்ணன் மடியில் கை வைத்ததும் செவலை உதைத்தது, வாலை வீசியது, சாணி போட்டது. சொம்பு பாதிகூட நிறையவில்லை. மிச்சத்தை மடியிலேயே அடக்கிக்கொண்டது.

கடைசியில் இறங்கும் பாலில்தான் கொழுப்பு அதிகம். ட்ரெயினிங்கில் படித்ததுதான். தண்ணீர் கலந்திருந்தால் லாக்டோமீட்டரும் காட்டிக் கொடுத்திருக்கும். அது சரியாகத்தான் இருந்தது, நான்தான் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. எனக்கு வெட்கமாகிவிட்டது.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. அக்காதான். அண்ணன் ஈரக்கையோடு ஸ்பீக்கரைத் தட்டினார்.

"இன்னாய்யா, செவல துன்னுச்சா? அத்த அடிக்காதய்யா..."

செவலையின் காது இரண்டும் போன் பக்கம் திரும்பின.

"அக்கா, நிறுத்தாதீங்க... அதுகிட்ட பேசுங்க!" என்றேன்.

"ஏண்டி செவல... என் கண்ணு... வந்துடுவேன்டி. நல்லபடியா நில்லுடி..."

போனைக் கயிற்றுக் கட்டிலில் வைத்தோம். குரல் பனியில் மெல்ல மிதந்தது. செவலை பெருமூச்சு விட்டு அசைபோட ஆரம்பித்தது. காம்புகள் விம்மின. அப்புறம் சர்... சர்... சொம்பில் நுரை ஏறிக்கொண்டே போனது.

சென்டரில் 4.3 வந்தது. வரிசையில் கடைசி ஆளுக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"நாலு மூணு! நேத்து நான் கேட்டது தப்பு. மன்னிச்சிக்கோங்கண்ணா."

அவர் என்னைப் பார்க்கவில்லை. போனை எடுத்தார்.

"ஏம்மே... நாலு மூணாம். தண்ணி இல்லன்னு அந்தப் பொண்ணே எல்லார் முன்னாடியும் சொல்லிடுச்சு. நேத்துலேர்ந்து பட்டினி கெடக்குற, இப்பவாவது அந்தக் கஞ்சிய துன்னு."

ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒருத்தி ஒருநாள் முழுக்கச் சாப்பிடாமல் கிடந்தது என் ஒரு கேள்வியால்... அது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எனக்கும் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது சித்தூரில் பெரிய டெய்ரியில் இருக்கிறேன். கறக்க மெஷின், மாட்டின் காதில் நம்பர். ரிசல்ட் நேராக அவரவர் போனுக்கே போய்விடுகிறது. வரிசையும் இல்லை, பனிக்குள் சைக்கிள் மணியும் இல்லை...

எங்கேயாவது ஃபேட் இறங்கினால் புதிதாகச் சேர்ந்த பெண்கள் ஓடி வருவார்கள். "மேடம், தண்ணி கலந்துட்டாங்க!"

லாக்டோமீட்டரைப் பார்க்கச் சொல்லிவிட்டு, அந்த வீட்டுக்கு நானே போன் போடுவேன். தெலுங்கோ தமிழோ, முதலில் கேட்பது ஒன்றுதான்.

"வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?"