எந்த ஊருங்க?

1. மேசைக்கு இந்தப் பக்கம்

இன்டர்வியூவுக்கு எதைப் படித்துக்கொண்டு போவது என்று பிள்ளைகள் என்னிடம் கேட்பார்கள். பாடத்தைப் படியுங்கள். பாடத்துக்கு நான் பயந்ததே இல்லை. பாடத்தில் இல்லாத ஒரு கேள்விக்குத்தான் பயந்தேன்.

பீளமேட்டில் ஒரு பம்ப்செட் கம்பெனி. டிப்ளமோ முடித்த கையோடு போயிருந்தேன். பம்ப்புக்குள் சுற்றும் இம்பெல்லர் தேய்ந்தால் என்ன ஆகும், மோட்டார் ஏன் சூடாகும் என்று ஃபேக்டரி மேனேஜர் கேட்டார். டக்டக்கென்று சொன்னேன். மனிதருக்கு முகம் மலர்ந்துவிட்டது. பேனாவை வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"எந்த ஊருங்க தம்பி?"

"காங்கேயம் பக்கமுங்க."

"பக்கம்னா? நமக்கும் அங்கதான் சொந்தமெல்லாம். தோட்டமுங்களா?"

எங்கள் பக்கத்தில் சாதியைச் சாதி என்று கேட்க மாட்டார்கள். ஊரைக் கேட்பார்கள், சொந்தத் தோட்டம் உண்டா என்று கேட்பார்கள், அப்பா பெயரைக் கேட்பார்கள். எல்லாம் மரியாதையாகத்தான். என் அப்பாவும் தோட்டத்தில்தான் இருந்தார். இன்னொருவர் தோட்டத்தில், கூலிக்குத் தேங்காய் உரித்துக்கொண்டு. நல்ல வேளை, அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. ஜெனரேட்டர் என்னாச்சு என்று பார்க்க ஓடியவர், திரும்பி வந்தபோது ஊரை மறந்திருந்தார். வேலை கிடைத்துவிட்டது.

அதற்கப்புறம் யார் கேட்டாலும் 'பக்கமுங்க' என்றே ஓட்டினேன். ஆபீஸில் ஒருத்தரையும் வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை. வீட்டுக்காரிக்கு அதில் என்மேல் தீராத கோபம்.

2. அந்தப் பக்கம்

இப்போது அதே கம்பெனியில் நான் குவாலிட்டி மேனேஜர். சமீபத்தில் டெஸ்டிங் செக்‌ஷனுக்கு ஆள் எடுத்தோம். மேசையில் நானும் டைரக்டரும். கொடுமுடியிலிருந்து ரேவதி என்று ஒரு பெண் வந்திருந்தாள்.

"கேஜ்ல பிரஷர் சரியாக் காட்டுது, தண்ணி மட்டும் கம்மியா வருது. என்ன பண்ணுவீங்க அம்மணி?" என்று கேட்டேன்.

"மொதல்ல அந்த கேஜை நம்ப மாட்டேனுங்க சார். வேற கேஜ் போட்டுப் பாத்துட்டுத்தான் பம்ப்பக் கழட்டுவேன்."

இப்படி ஒரு ஆளுக்காகத்தான் நான் காத்துக்கொண்டிருந்தேன். சந்தோஷமாக மார்க் போடப் போனேன். அதற்குள் டைரக்டர் முன்னால் குனிந்தார்.

"கொடுமுடில எங்கீங்க? தோட்டமுங்களா?"

கரண்ட் போகாதா என்றுகூடப் பார்த்தேன்.

"ஊருக்கு வெளிய காலனிங்க சார்," என்றாள் ரேவதி. குரல் இறங்கவில்லை.

"சரிங்க, சரிங்க. சொல்லியனுப்பறோமுங்க."

அவள் வெளியே போனதும் என்னிடம் திரும்பினார். "புள்ள கெட்டிக்காரிதானுங்க. ஆனா நம்ம ஆளுங்களோட செட் ஆகோணுமில்லீங்க? அடுத்த ஆளக் கூப்புடுங்க."

பேசாமல் இருந்தால் அந்தப் பெண்ணுக்கு வேலை போச்சு. பேசினால் இத்தனை வருஷம் ஒளித்து வைத்தது போச்சு. பேனாவைக் கீழே வைத்தேன்.

"நான் செட் ஆகலீங்களா சார்?"

"நீங்க வேறங்க."

"இல்லீங்க சார். நானும் காலனிதானுங்க."

யாரோ புது ஆளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். தண்ணீர் குடித்தார். "அப்ப அந்தப் புள்ளையவே போட்டுருங்க," என்றார் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு.

3. சேராதவள்

வேலைக்கான ஆர்டர் போனது. ரேவதி வரவில்லை. நானே போன் செய்தேன்.

"வேற கம்பெனில சேந்துட்டேனுங்க சார்."

"சம்பளம் ஜாஸ்திங்களா?"

"கம்மிதானுங்க. ஆனா அங்க ஊரக் கேக்கலீங்க."

போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அவளை எடுப்பதா வேண்டாமா என்று நாங்கள் இரண்டு பேர் யோசித்துக்கொண்டிருந்தோம். அவள் எதிரே உட்கார்ந்து எங்களை ஃபெயில் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். அப்படியும் செய்யலாம் என்று அந்த வயதில் எனக்குத் தோன்றவே இல்லை. இன்டர்வியூவுக்குப் போகிற பிள்ளைகளே, மார்க் போடுகிற உரிமை உங்களுக்கும் உண்டு. நான் தாமதமாகத் தெரிந்துகொண்டது இதுதான்.

அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. நாளைக்கு மறுபடியும் ஆள் எடுக்கிறோம், அதே டைரக்டரோடு. அவர் ஊரைக் கேட்க வாயெடுத்தால், "அது வேண்டாமுங்க சார்" என்று வந்தவர் முன்னாலேயே சொல்லப் போகிறேன். அந்தக் கேள்விக்கு எனக்கு இன்னும் பயம்தான். ஆனாலும் சொல்லிவிடுவேன்.