சோழ வணிகனும் கிழங்கு ரோல்ஸும்

பெயர் கணேசலிங்கம். தொழில், ஜெர்மனியின் ஹம் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றின் சமையலறையில் கிழங்கு சீவுவது. ஆனாலும் 2006 செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, மத்தியானம் வரைக்கும், நான் சோழப் பேரரசின் வணிகனாக இருந்தேன். சிரிக்காதீர்கள்.

எல்லாம் என் வாயால் வந்த வினை. பக்கத்துப் பட்டணத்தில் வருடா வருடம் மத்தியகாலச் சந்தை போடுவார்கள். ஜெர்மன்காரர்கள் இரும்புச் சட்டை மாட்டி வாள்சண்டை பிடிப்பார்கள். அதை நடத்துகிற ஒருவர் எங்கள் ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேருக்கு வந்த இடத்தில், வேட்டியோடு நின்ற என்னிடம் கழிப்பறைக்கு வழி கேட்டார். நான் அவருக்கு வரலாறு சொன்னேன். ஆயிரம் வருடத்துக்கு முன்பே எங்கள் ஆட்கள் கப்பல் விட்டவர்கள், மிளகை நாங்கள் அரபிக்காரனுக்கு விற்றோம், அவன் வெனிஸ்காரனுக்கு விற்றான், அவன் உங்கள் தேவாலயத்து ஆயருக்கு விற்றான், சமயத்துக்காக ஆளையாள் வெட்டிய காலத்திலும் மிளகு வியாபாரம் நிற்கவில்லை என்று அளந்தேன். மனுசன் அவசரத்தையும் மறந்து கேட்டார். கடைசியில், கிழக்குத் தேசத்து வணிகராக வாருங்கள் என்று ஒரு கடையே தந்துவிட்டார்.

மனைவி குணேஸ்வரி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"நீங்கள் கப்பல் விட்ட ஆளோ? பெர்லின் ஷோனெஃபெல்ட்டில பிளேனால இறங்கேக்க வயித்தைப் பிரட்டிச் சத்தி எடுத்துக்கொண்டு இறங்கின ஆளெல்லே!"

சிரித்தாலும் தன் சிவப்புப் பட்டுச் சீலையைத் தலைப்பாகைக்குத் தந்தாள். எட்டாம் வகுப்பில் படிக்கும் மகள் ஆதிரைதான் சிரிக்கவில்லை.

"அப்பா, வெள்ளிக்கிழமை எங்கட கிளாஸும் அங்க வருது. என்னைத் தெரிஞ்ச மாதிரிக் காட்டாதேங்கோ. பிளீஸ்."

"ஓம் அம்மா, காட்டமாட்டன்" என்றேன். எனக்குச் சரியான கவலை. ஆனாலும் பிள்ளைக்குக் கொடுத்த வாக்கு.

அன்று விடிய முதலே எழும்பி, தட்டு நிறையக் கிழங்கு ரோல்ஸ் பொரித்து, செத்தல் மிளகாய்ச் சம்பலும் இடித்துக்கொண்டு போய்க் கடையில் குந்தினேன். துறவி உடுப்புப் போட்ட சந்தை மேற்பார்வைக்காரர் வந்தார். ஒரு ரோல்ஸைக் கடித்தார். கண் கலங்கியது. ருசியில் கலங்குகிறார் என்று நினைத்தேன்.

"உள்ளே என்ன?"

"உருளைக்கிழங்கு, மிளகாய். சோழ ராசாக்கள் சாப்பிட்டது."

மனுசன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். இரண்டும் கொலம்பஸ் போன பிறகு அமெரிக்காவிலிருந்து வந்தவையாம். இங்கே 1492-க்கு முந்திய சாமான் மட்டும்தான் விற்கலாமாம். கிழங்கை விட்டுக்கொடுத்தேன். மிளகாயையா? எங்கள் மிளகாயையா? விடாமல் வாதாடினேன்.

"உங்கள் நாட்டுக்கு மிளகாயைக் கொண்டுவந்தது போர்த்துக்கேயர்" என்றார் துறவி.

அட கடவுளே! யாழ்ப்பாண ராச்சியத்தைப் பிடுங்கிய அதே ஆட்கள். நான் ஆறு வயதிலிருந்து அவர்கள் தந்ததைத்தான் தின்று, எங்கள் பெருமை என்று ஏப்பம் விட்டிருக்கிறேன்.

அந்த நேரம் பார்த்து ஒரு வகுப்பே கடைக்கு முன்னால் வந்து நின்றது. சோழ வணிகனுக்குத் துறவி பாடம் எடுப்பதைப் பார்த்துப் பிள்ளைகள் கெக்கட்டம் போட்டுச் சிரித்தார்கள். நடுவில் ஆதிரை. நான் சட்டென்று தட்டைப் பார்த்தேன். தலைப்பாகைக்குள் வேர்த்து ஒழுகியது. பிள்ளை என்ன பாடுபடுகிறாளோ என்று நினைத்தபடி ரோல்ஸை எண்ணத் தொடங்கினேன்.

சந்தை வாசலுக்கு வெளியே மத்தியகாலம் இல்லை, அங்கே எதையும் விற்கலாம் என்று துறவி இரக்கப்பட்டார். தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

"அப்பா!"

திரும்பவில்லை. எனக்குத்தான் அவளைத் தெரியாதே.

"அப்பா! நில்லுங்கோ!"

இன்னும் வேகமாக நடந்தேன்.

"அப்பா, காது கேக்கேல்லையோ? அம்மான்ர சீலை மண்ணில இழுபடுது!"

தலைப்பாகை எப்போதோ கழன்றிருக்கிறது. பின்னால் யாரோ ஓடிவந்து சீலைத் தலைப்பைத் தூக்கிப் பிடிப்பது தலையில் தெரிந்தது. யார் இந்த ஆள் என்று ஒரு பெடியன் ஜெர்மனில் கேட்டான்.

"என் அப்பா" என்று ஆதிரை சந்தைக்கே கேட்கச் சொன்னாள். "வணிகர் என்பது புளுகு. ரோல்ஸ் உண்மை."

அதற்குப் பிறகுதான் திரும்பிப் பார்த்தேன்.