என் சொற்பொழிவு இரண்டு சொற்களாகிய நாள்

2006 கோடையில், ஒரு சனிக்கிழமை பிற்பகல், தெற்கு லண்டனின் தேவாலய மண்டபம் ஒன்றில் நிகழ்ந்தது இது. அப்போது நான் பல்கலைக்கழக விவாத அணியின் தலைவன். தமிழ்ப் பட்டிமன்றங்களிலும் பரிசு பெற்றவன். எந்தச் சபையும் என் பேச்சுக்கு இசையும் என்பதில் எனக்கு ஐயமே இருந்ததில்லை.

என் அக்கா மணந்தது கானா நாட்டவர் ஒருவரை. ஆறு வயதான அவர்களுடைய மகளுக்குத் தந்தை நாட்டு மேளம் பழக ஆசை. குடும்பமாகச் சேரக்கூடிய கானாக் கலைக்குழு ஒன்றைத் தேடி எங்கள் வீடிருந்த டூட்டிங்கிலிருந்து அலைந்தோம். முதற்குழு பிள்ளைகள் உறங்கும் வேளையில்தான் ஆட்டத்தையே தொடங்கியது. அடுத்த குழு மாலை முழுவதும் நிர்வாகத் தேர்தலைப் பற்றிச் சண்டையிட்டது. அந்த வகையில் நம்மவர் சங்கம் போலவே இருந்தது.

“இதுவும் சரிவராட்டி இனி எங்கையும் வரமாட்டாளாம்,” என்றாள் அக்கா, மூன்றாவது குழுவைத் தேடிப் போன காரில்.

“விடக்கா, நான் கதைக்கிறன்,” என்றேன்.

மண்டபத்தில் முதலில் குடிக்கத் தண்ணீர் தந்தார்கள். பிறகே வந்த நோக்கத்தைக் கேட்டார்கள். அத்தான் வாய் திறக்குமுன் எழுந்தேன். வண்ண ஆடை போர்த்து நடுவில் அமர்ந்திருந்த குழுத் தலைவியை நேராக நோக்கி ஆங்கிலத்தில் முழங்கத் தொடங்கினேன். தலைவி சுவரைப் பார்த்தார்.

அத்தான் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். அக்காவிடம் பழகிய தமிழில், “தம்பி, அவவோட நேர கதைக்கக் கூடாது. அந்தாளிட்டச் சொல்லும், அவர் சொல்லுவார்,” என்றார். தலைவியின் அருகே கைத்தடியுடன் ஒருவர் நின்றிருந்தார். சபையில் தலைவிக்குப் போகும் சொல் அவர் வாய்வழியாகவே போக வேண்டுமாம்.

நான் தளரவில்லை. அவர்பக்கம் திரும்பி, பண்பாடுகளின் சங்கமம், கடல் கடந்த உறவு, வருங்காலத் தலைமுறை என்று அடுக்கி, கையை உயர்த்தி முடித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பின் தலைவியிடம் தம் மொழியில் ஏதோ முணுமுணுத்தார். மண்டபம் சிரித்தது.

“என்னவாம் அத்தான்?”

“‘வந்திருக்கினம். சேரவேணுமாம்.’”

“வேற?”

“அவ்வளவுதான்.”

தலைவியின் பார்வை மறுபடி சுவருக்கே போனது. மருமகளின் உதடு பிதுங்கத் தொடங்கியது. சட்டென்று அக்காவின் கையை உதறிவிட்டு அந்த மனிதரிடம் ஓடினாள். அவர் குனிய, காதில் ஏதோ கேட்டாள். ‘என்னுடைய மேளம் எது?’ என்பதுதான் கேள்வி என்று பின்னர் அறிந்தோம்.

அவர் நிமிர்ந்தார். தடியால் தரையைத் தட்டினார். பிறகு பொழிந்தார்! தொலைவிலிருந்து ஒருத்தி வந்திருக்கிறாள், அவள் கைகள் சும்மா இருக்க மறுக்கின்றன, இந்த மேளங்கள் யாருக்காக மௌனமாயிருந்தன என்பது இப்போதல்லவா விளங்குகிறது என்றெல்லாம் நீண்டதை அத்தான் மூச்சு வாங்க மொழிபெயர்த்தார். ஒவ்வொரு வரிக்கும் சபை குரல் கொடுத்தது. தலைவி வாய்விட்டுச் சிரித்துத் தலையசைத்தார். மேளக்காரர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள்.

“அடுத்த கலியாண வீட்டுக்கு நீ வாழ்த்துரைக்கு ஏறேக்க அந்தாளையும் கூட்டிக்கொண்டு போவம். சனம் நேரத்துக்குச் சாப்பிடும்,” என்றாள் அக்கா.

அன்று மருமகளுக்கு ஒரு மேளம் வேண்டியிருந்தது, எனக்கோ கேட்பதற்கு ஆட்கள் மட்டுமே வேண்டியிருந்தார்கள். அந்த வேறுபாடு, மேடைப் படியில் கால் வைக்கும்போதெல்லாம் என்னை இன்றும் ஒரு கணம் நிறுத்தி வைக்கிறது.