பந்தைக் குத்திய வழக்கு

அமெரிக்காவில் இருக்கும் என் பேரன் போன வாரம் தொலைபேசியில் ஒரு சண்டையைப் பற்றிச் சொன்னான். அங்கே கோழிமுட்டை வடிவப் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடுகிறார்களாம். துரத்தி வருகிறவன் அந்தப் பந்தை முஷ்டியால் குத்திக் கீழே தள்ளிவிடுகிறானாம். அப்படிக் குத்துவது சரியா தப்பா என்று அவன் அலுவலகத்தில் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்களாம். "உங்களுக்கு இதெல்லாம் புரியாது ஆச்சி" என்று வேறு சொன்னான். எனக்கா புரியாது? தொண்ணூறு வயதைத் தாண்டி ஞாபகம் பாதி கழன்றுவிட்டது உண்மைதான். ஆனால் அந்த வழக்கில் நான்தான் பிரதிவாதி. ஐந்தருவிப் பக்கத்தில், தலை முதல் கால் வரை எண்ணெய் வழிய, பத்து வயதில் நின்று வாதாடினேன்.

அப்பாவுக்குத் தென்காசியில் மெத்தைக் கடை. வீடு மேலகரத்தில். குற்றாலத்தில் பங்களா வைத்திருந்த வெள்ளைக்காரத் துரைமார் சீசனுக்கு முன்னால் மெத்தைகளைப் பிரித்துப் புது இலவம்பஞ்சு அடைக்க அனுப்புவார்கள். அப்படி வந்த ஒரு மூட்டைக்குள் கிழிந்த தோல்பந்து ஒன்று கிடந்தது. மூட்டை கொண்டுவந்த பட்லரிடம் அப்பா அதைத் திருப்பிக் கொடுத்தார். துரை தூக்கி எறியச் சொன்னதுதான், உங்கள் பிள்ளைகள் விளையாடட்டும் என்று அவர் சொல்லிவிட்டார். இதை வைத்து என்ன விளையாடுவார்கள் என்று நான் கேட்டேன். ஒருத்தர் கட்டிப் பிடித்துக்கொண்டு ஓடுவார், மற்றவர்கள் விழுந்து பிடுங்குவார்கள், நான் சோறு வைக்கிறவன், வேறு எதுவும் தெரியாது என்றார். எங்களுக்குக் கிடைத்த சட்டப் புத்தகம் அவ்வளவுதான்.

பந்து உருண்டையாக இல்லாதது எனக்கும் தம்பிக்கும் பெரிய குறையாக இருந்தது. யாரோ தடியர் அதன்மேல் உட்கார்ந்து நசுக்கிவிட்டார் என்று நாங்களாகவே முடிவு கட்டினோம். அப்பா பஞ்சடைத்துக் கோணி ஊசியால் தைத்துக் கொடுத்ததும், அதை நெட்டுக்குத்தாக நிறுத்தி, மேலே அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தோம். இரண்டு பக்கக் கூர் முனையும் அமுங்கினால் உருண்டையாகிவிடும் என்பது எங்கள் கணக்கு. தையல் பிரிந்து பஞ்சு வெளியே வந்ததுதான் மிச்சம். அப்பா திட்டவில்லை. மறுபடி தைத்துக்கொண்டே, "அதுக்குப் பிறவியே அப்படித்தான் போல. இருந்துட்டுப் போகட்டும்" என்றார். அப்பா ஒரு நாளைக்குப் பேசுவதே பத்து வாக்கியம்தான். அதில் இரண்டைப் பந்துக்குச் செலவழித்தார்.

ஆனி மாதம் சாரல் விழுந்ததும் எங்கள் வீட்டுக்கு உறவுக்காரர்கள் வரத் தொடங்குவார்கள். ஊரெல்லாம் அப்படித்தான். பதினோரு மாதம் எட்டிப் பார்க்காதவர்கள்கூட அருவியில் குளிக்க எங்கள்மேல் பாசமாகிவிடுவார்கள். அந்த வருஷம் சுரண்டையிலிருந்து அத்தை முதல் ஆளாக வந்து இறங்கினாள். அப்பாவுக்கு அக்கா. அவள் பேச்சை அப்பா மறுத்துப் பேசி யாரும் பார்த்ததில்லை. கூடவே பதின்மூன்று வயது அத்தான். அந்த வயதிலேயே அரை மூட்டை நெல்லைத் தோளில் தூக்கி நடப்பான்.

அத்தை வரும்போதே இரண்டு முடிவுகளோடு வந்திருந்தாள். ஒன்று, நான்தான் அவளுக்கு மருமகள். இது நான் பிறந்தபோதே முடிவானது. மற்றொன்று, எனக்கு ஐந்தாம் வகுப்போடு படிப்பு போதும் என்பது. மேலகரத்தில் அதற்கு மேல் வகுப்பு கிடையாது. மேலே படிப்பதானால் பாளையங்கோட்டையில் விடுதியில் தங்க வேண்டும். என் பள்ளிக்கூடத்து டீச்சர் இரண்டு முறை வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். "கடுதாசி வாசிக்கத் தெரிஞ்சா போதும்லே தம்பி. பொட்டப்பிள்ளைய ஊர் விட்டு ஊர் அனுப்பி என்னத்தச் சாதிக்கப் போற?" என்றாள் அத்தை. அம்மா அடுக்களைக்குள் போய்ப் பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள். எனக்கு அதில் எந்தக் கவலையும் இல்லை. அத்தானிடமிருந்து பந்தை எப்படிப் பிடுங்குவது என்பது ஒன்றுதான் அப்போது என் கவலை.

அருவிக் குளியலுக்கு ஒரு முறை உண்டு. வண்டி கட்டி ஐந்தருவிக்குப் போய் இறங்கியதும் உடம்பெல்லாம் நல்லெண்ணெய் தேய்த்துக்கொள்ள வேண்டும். எண்ணெய் ஊற அரை மணி நேரம் காத்திருந்த பிறகுதான் தண்ணீரில் நிற்கலாம். அந்த அரை மணி நேரம்தான் எங்கள் ஆட்டம். ஒரு மாமரத்திலிருந்து இன்னொரு மாமரம் வரைக்கும் பந்தோடு ஓடிச் சேர்ந்தால் வெற்றி. எண்ணெய்க் கையோடு விளையாட வேண்டிய ஆட்டமா அது என்று பட்லர் பார்த்திருந்தால் கேட்டிருப்பார். எங்களுக்கு வேறு வழி தெரியாது.

அத்தான் பந்தை நெஞ்சோடு அணைத்துவிட்டால் அவ்வளவுதான். இழுத்தால் என் கைதான் வழுக்கிக்கொண்டு போகும். ஐந்தாறு பிள்ளைகள் தொங்கினாலும் எங்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு மாமரத்துக்குப் போய்விடுவான். மூன்று நாள் தோற்ற பிறகு எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, கையை மடக்கிக் கீழேயிருந்து பந்தின் கூர் முனையில் ஒரு குத்து விட்டேன். எண்ணெயில் ஊறிய பந்து அத்தான் கைக்குள்ளிருந்து பிதுங்கி, அவன் தலைக்கு மேலே எழும்பி, என் தம்பி மடியில் போய் விழுந்தது. ஆடாமல் உட்கார்ந்திருந்த தம்பி அதைத் தூக்கிக்கொண்டு ஓடி ஜெயித்தும்விட்டான். அந்தச் சந்தோஷத்தை இப்போதும் என் வலது கை முட்டியில் உணர முடிகிறது.

அதற்கப்புறம் நான்கு நாள் நாங்கள்தான் ஜெயித்தோம். ஐந்தாவது நாள், ஞாயிற்றுக்கிழமை, அத்தான் உஷாராகக் குனிந்து ஓடினான். என் குத்து பந்தைத் தொடாமல் அவன் வாயில் விழுந்தது. உதடு கிழிந்து ரத்தம் வந்தது. அத்தை போட்ட கூச்சலில் அருவிச் சத்தமே கேட்கவில்லை.

"ஏலே தம்பி, பாத்தியா உன் மக செஞ்ச வேலைய! இவளையா நான் மருமகளாக் கூட்டிட்டுப் போகணும்? இனிமே இந்தப் பந்தை இவ தொடக் கூடாது. வீட்டை விட்டே வெளிய வரக் கூடாது!"

அங்கேதான் தாய்மாமா குறுக்கே வந்தார். அவர் முன்சீப் கோர்ட்டு வக்கீல் ஒருவரிடம் குமாஸ்தா. வக்கீல் பேசுவதையெல்லாம் மனப்பாடம் செய்து எங்கள் வீட்டில் பேசுவார். குழம்பில் ஒரு மீன் துண்டு குறைந்தால்கூட விசாரணை வைப்பார். அன்றும் ஈரத் துண்டைத் தோளில் கவுன் மாதிரிப் போட்டுக்கொண்டு ஒரு பாறையில் ஏறி உட்கார்ந்தார். வாதியும் பிரதிவாதியும் எதிரே நிற்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். பெரியவர்கள் சிரித்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் சிரிக்கவில்லை. தீர்ப்பு எனக்கு எதிராகப் போனால் பந்து போச்சு, மாமரம் போச்சு, எல்லாம் போச்சு என்று எனக்குத் தெரியும்.

அத்தான் வீங்கிய உதட்டோடு தன் பக்கத்தைச் சொன்னான். "பந்தைத்தான் குத்துதேன்னு சொல்லிக்கிட்டு நாளைக்கு எவனும் எவன் மூக்கையும் உடைப்பான் மாமா. அப்புறம் எவன் பந்தைத் தூக்கிட்டு ஓடுவான்?" இப்போது யோசித்தால் நல்ல வாதம்தான். பேரனின் அலுவலகத்திலும் ஒரு கட்சி இதையேதான் சொல்கிறதாம்.

"நீ என்ன சொல்லுத?" என்று மாமா என்னைக் கேட்டார்.

"கையெல்லாம் எண்ணெய் மாமா. இழுத்தா வழுக்குது. பிடுங்கலாம்னு சட்டம் இருக்கு, ஆனா யாராலயும் பிடுங்க முடியாது. அப்பம் அது அத்தான் ஒருத்தனுக்காகப் போட்ட சட்டம்லா?"

கூட்டத்தில் யாரோ "அடேயப்பா" என்றார்கள். மாமா விடவில்லை. "சரி, இந்த உதட்டுக்கு என்ன பதில்?" என்றார்.

சுற்றிலும் பார்த்தேன். பெண்கள் குளிக்கும் பக்கத்தில் அம்மா ஒரு கல்லில் மஞ்சள் உரைத்துக்கொண்டிருந்தாள். உரைப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். அவள் உள்ளங்கை முழுக்க மஞ்சள்.

"குத்துதவங்க கையில மஞ்சள் பூசிக்கிடணும் மாமா. பந்துல மஞ்சள் ஒட்டுனா குத்து செல்லும். ஆள் மேல ஒட்டுனா குத்துனவங்க ஆட்டத்தை விட்டு வெளிய போகணும். அந்த சீசன் பூராவும்."

தாய்மாமா இதை எதிர்பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். பிறகு வக்கீல் மாதிரியே என்னை மடக்கினார். "அப்படின்னா, இன்னைக்கு உன் கையில மஞ்சள் இருந்திருந்தா அது எங்கன ஒட்டியிருக்கும்?"

பந்தில் என்று சொல்லியிருக்கலாம். எண்ணெயும் ஓட்டமுமாக இருந்ததில் யாரும் சரியாகப் பார்க்கவில்லை. தம்பி பின்னால் நின்று பந்து பந்து என்று வாயசைத்தான். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அத்தானின் உதடு எதிரே வெற்றிலைப் பை மாதிரி வீங்கிக்கொண்டிருந்தது.

"அத்தான் உதட்டுல" என்றேன்.

"அப்பம்?"

"அப்பம் நான் வெளிய." அதோடு நிறுத்த மனம் வரவில்லை. "ஆனா குத்துதது தப்பில்ல மாமா. இன்னைக்கு நான் சரியாக் குத்தல, அம்புட்டுத்தான்."

அப்போதுதான் அப்பாவைப் பார்த்தேன். தலைக்குத் தேய்க்க உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றிக்கொண்டு வந்தவர், அதைத் தேய்க்காமல் அப்படியே நின்றுகொண்டிருந்தார். எண்ணெய் விரலிடுக்கு வழியாக ஒழுகி வேட்டியில் சொட்டிக்கொண்டிருந்தது.

மஞ்சள் பூசிக் குத்தலாம் என்று தாய்மாமா தீர்ப்புச் சொன்னார். பிரதிவாதி, தான் போட்ட சட்டப்படியே அந்த சீசன் முழுக்க வெளியே என்றும் சொன்னார். "அடிச்சவளே சட்டம் போடுதா, நீங்க எல்லாரும் தலையாட்டுதிய" என்று அத்தை முணுமுணுத்தபடி அருவிக்குப் போனாள். மிச்ச நாளெல்லாம் நான் பாறையில் உட்கார்ந்து மஞ்சள் எங்கே ஒட்டியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லும் வேலை செய்தேன். என் தம்பியைக்கூட ஒரு முறை வெளியே அனுப்பினேன். ஒரு வாரத்துக்குள் அந்தத் தோல்பந்து பழுத்த மாம்பழம் போல மஞ்சளாகிவிட்டது. அத்தானும் குத்தக் கற்றுக்கொண்டான். என்னைவிட நன்றாகவே குத்தினான்.

தீர்ப்பான அன்று வண்டியில் திரும்பும்போது நான் தூங்கிவிட்டேன். அப்போது நடந்த பேச்சு எனக்குப் பல வருஷம் கழித்து அம்மா சொல்லித்தான் தெரியும். "இம்புட்டு யோசிக்குத பிள்ளைய அஞ்சாப்போட நிறுத்துனா அது நம்ம தப்பு, அக்கா" என்று அப்பா சொன்னாராம். அத்தை திகைத்துப்போய் அவரையே பார்த்தாளாம்.

எனக்கு எதுவும் தெரியாது. ஒரு வாரம் கழித்துப் பரணிலிருந்து தகரப் பெட்டி இறங்கியது. அம்மா என் பாவாடைகளை மடித்து வைத்தாள். பாளையங்கோட்டைக்கு என்றார்கள். எனக்கு உடனே விளங்கிவிட்டது. உதட்டைக் கிழித்ததற்கு வெளியே என்று நானே ஒப்புக்கொண்டேன் அல்லவா? ஆட்டத்தை விட்டு வெளியே போதாது, ஊரை விட்டே வெளியே என்று அத்தை முடிவு செய்துவிட்டாள். ரயிலடிக்கு வந்த அத்தான் என் முகத்தைப் பார்க்காமல், "உதடு ஆறிட்டு" என்றான். அதையும் தாமதமாக வந்த சாட்சி என்றே எடுத்துக்கொண்டேன்.

விடுதியில் முதல் வாரம் முழுக்க அழுதேன். பிறகு அழுகையை நிறுத்திவிட்டு அப்பாவுக்குக் கடிதம் எழுதினேன். பந்தை இனி என் ஆயுசுக்கும் குத்த மாட்டேன், அத்தானிடம் மன்னிப்புக் கேட்கிறேன், தண்டனை போதும், என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று எழுதினேன். பதினைந்து நாள் கழித்துப் பதில் வந்தது. கார்டின் நடுவில் அப்பா கையெழுத்தில் ஒரே ஒரு வரி இருந்தது:

"குத்து. மஞ்சள் பூசிக்கொண்டு குத்து."

கார்டின் ஒரு மூலையில் எண்ணெய்க் கறை இருந்தது. நான் அதை நான்கைந்து தடவை படித்துப் பார்த்தேன். பிறகு முன்னைவிடச் சத்தமாக அழ ஆரம்பித்தேன். குத்தலாம் என்று அப்பாவே சொல்கிறார், அப்புறம் எதற்காக என்னை இங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறார் என்று எனக்கு விளங்கவே இல்லை.